கால் எப்படி இருக்கு, தம்பி?

எங்கள் ஊர் ஏரிக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. காலை ஐந்தரை மணிக்கு அங்கே பதினைந்து, இருபது பையன்கள் வருவார்கள். எல்லோருக்கும் ராணுவ ஆள்சேர்ப்பில் தேறவேண்டும் என்பதுதான் கனவு. 1.6 கி.மீ. தூரத்தை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடி முடித்தால்தான் ஓட்டத்துக்கு முழு மதிப்பெண். 2022இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததிலிருந்து அவர்களை நான் பழக்கிவருகிறேன். காசு எதுவும் வாங்குவதில்லை.

ஓட ஆரம்பிக்கும் முன் எல்லோரையும் வரிசையாக உட்காரவைப்பேன். ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லி ஒவ்வொருவர் காலையும் கையில் எடுத்துப் பார்ப்பேன். விரலிடுக்கு, குதிகால், நகம், முன்காலெலும்பு. போன மாதம் ஒரு பையனின் அப்பா இதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வயசுல பெரியவர் நீங்க. பசங்க காலைப் போய்த் தொடுறீங்களே சார், எங்களுக்குச் சங்கடமா இருக்கு" என்றார். அவருக்கு அன்று நின்றபடியே ஒரு பதில் சொன்னேன். அதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

1998 கடைசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் வெலிங்டன் போய் இறங்கினேன். குன்னூருக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உயரத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம். 1758இல் தொடங்கிய படைக்குள் நுழைகிறோம் என்ற பெருமையெல்லாம் அன்று மனசில் இல்லை. குளிர்தான் இருந்தது. ஆரணிப் பக்கத்து வெயிலில் வளர்ந்த உடம்பு அது. பத்தாம் வகுப்பு வரை செருப்போடு பள்ளிக்கூடம் போன நாட்களை எண்ணிச் சொல்லிவிடலாம். அந்தக் காலை ராணுவத்தின் டி.எம்.எஸ். பூட்ஸுக்குள் நுழைத்து, விடிவதற்குள் பி.டி., அப்புறம் டிரில், அப்புறம் மறுபடி ஓட்டம் என்று ஆக்கினால் என்ன ஆகும்? பத்தே நாளில் இரண்டு குதிகாலும் கொப்புளம். வலது காலில் அது உடைந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்டது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ரெலிகேட் செய்துவிடுவார்கள், அதாவது அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று நாங்கள் தங்கிய பேரக்கில் ஒரு பேச்சு. ஊரில் மாலை போட்டு அனுப்பியிருந்தார்கள். பின்தங்கினேன் என்று எப்படி எழுதுவது?

எங்கள் பிளட்டூனுக்கு உஸ்தாதாக இருந்தவர் பாலக்காட்டுப் பக்கத்து ஹவில்தார். ராணுவத்தில் பயிற்சி தருபவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயரை எழுதப்போவதில்லை, எழுதினால் கோபித்துக்கொள்வார். தினமும் ராத்திரி ரோல் கால் முடிந்ததும் நாற்பது பேரும் அவரவர் கட்டிலருகே வெறுங்காலோடு நிற்கவேண்டும். டார்ச்சோடு வருவார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "கால் எப்படி இருக்கு, தம்பி?" மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரன் என்றாலே ராணுவம் முழுக்கத் 'தம்பி'தான். ஆனால் அவர் வாயில் அந்தச் சொல் வீட்டில் கூப்பிடுவது மாதிரி இருக்கும்.

"டீக் ஹை உஸ்தாத்", அதாவது எல்லாம் சரி என்றேன். அவரும் தாண்டிப் போனார். விளக்கு அணைவதற்குச் சற்று முன் திரும்பி வந்து என் கறுப்புப் பெட்டிமேல் உட்கார்ந்தார். "சாயங்காலம் லங்கருக்குச் சாப்பிடப் போறப்போ பாதத்தோட ஓரத்துல நடந்தே. காட்டு" என்று சொல்லி, என் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள்மேல் தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்வார்கள். இவர் என் அப்பாவைவிட நாலைந்து வயதுதான் இளையவர். மறுபடி காலைப் பிடித்து இழுத்து வைத்தார்.

"எடா, இது உன் கால் இல்ல. சர்க்கார் காலு. என்னைக்காவது இது என்னையே தூக்கிட்டு ஓடவேண்டி வரும். காட்டு."

வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்து நனைத்துச் சாக்ஸைப் பிரித்தெடுத்தார். உடையாமல் இருந்த இடது கால் கொப்புளத்தை, தீயில் காட்டிய ஊசியால் அடியோரத்தில் குத்தி நீரை வடித்தார். மேல்தோலை உரிக்கக் கூடாது, அதுதான் உள்ளே இருக்கும் பச்சைச் சதைக்கு மூடி என்றார். மறுநாள் காலை எம்.ஐ. ரூமுக்கு, அதாவது மருத்துவ அறைக்கு, அவரே கூட்டிப்போனார். 'அட்டென்ட் சி' எழுதிக் கொடுத்தார்கள். லேசான வேலை மட்டும் என்று அர்த்தம். மூன்று நாளில் சரியாகிவிட்டது. ரெலிகேட் பேச்சே வரவில்லை.

அன்று அவர் சொன்ன முறைகளை இருபத்தைந்து வருஷமாக மாற்றாமல் செய்துவருகிறேன். ஒரு ஜோடி சாக்ஸ் காலில், இன்னொரு ஜோடி பனியனுக்குள் வயிற்றோடு. உடம்புச் சூட்டில் அது காய்ந்துகொண்டிருக்கும். நடையில் நிற்கிற முதல் வாய்ப்பிலேயே மாற்றிவிடவேண்டும். விரலிடுக்கைத் துடைக்காமல் பவுடர் போட்டால் சேறாகிவிடும், முதலில் துடை. நகத்தை நேராக வெட்டு, ஓரத்தை வளைத்து வெட்டாதே. குதிகால் பூட்ஸுக்குள் ஏறி இறங்கினால் கொப்புளம் நிச்சயம், அதனால் கணுக்காலில் லேஸை இறுக்கு, விரல்பக்கம் தளர்த்திவிடு. இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றும். காலாட்படையில் சிப்பாயின் கால் போனால் அவன் துப்பாக்கியும் போனது மாதிரிதான். அவனைத் தூக்க இன்னும் நாலு பேர் வேண்டும்.

அந்தக் கேள்வியை அவர் ஒரு நாளும் விடவில்லை. நாற்பது பேர், கிட்டத்தட்ட ஒன்பது மாதம். காலைப் பிடித்துக்கொண்டே முகத்தைப் பார்ப்பார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. என் பக்கத்துக் கட்டில்காரன் தங்கையின் கல்யாணம் நின்றுபோன செய்தி கடிதத்தில் வந்த அன்று, அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. காலைப் பார்க்க வந்த உஸ்தாத் பத்து நிமிஷம் அவன் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கம்பெனி ஆபீஸில் அவனுக்கு ஃபோன் பேச ஏற்பாடு செய்தார். பத்தொன்பது வயதுப் பையனைக் கூப்பிட்டு "உன் மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டால் சொல்லமாட்டான். காலைப் பற்றிக் கேட்டால் பேச ஆரம்பித்துவிடுவான்.

சுடும் பயிற்சியில் என் குண்டுகள் அட்டை முழுக்கச் சிதறின. ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிறேன் என்று தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். ரேஞ்சில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் காலித் துப்பாக்கியோடு தரையில் படுக்கச் சொன்னார். தானும் பக்கத்தில் படுத்தார். துப்பாக்கிக் குழல்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் ட்ரிகரை அழுத்தச் சொன்னார். முதலில் அவர் செய்து காட்டினார். நாணயம் அசையவில்லை. நான் அழுத்தினேன், விழுந்தது. தினமும் கால் மணி நேரம், எட்டாவது நாள் விழவில்லை. அடுத்த ரேஞ்சில் ஐந்து குண்டும் ஒரு கைப்பிடி இடத்துக்குள் விழுந்தன. அதை மட்டும் எல்லோர் முன்னாலும் சொன்னார். குறையைத் தனியாக, நிறையைக் கூட்டத்தில். அவர் இதை ஒரு கொள்கையாகச் சொன்னதில்லை. செய்தார், நான் பார்த்தேன்.

முதல் சம்பளத்தன்று எங்களை உட்காரவைத்துக் கணக்குப் போட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு எவ்வளவு, கைச்செலவுக்கு எவ்வளவு, ஏ.எஃப்.பி.பி. என்கிற எங்கள் சேமநிதிக்கு எவ்வளவு. குறைந்தபட்சம் பிடிப்பதோடு விடாமல் கொஞ்சம் கூட்டிப் போடச் சொன்னார். "வெளியூர்ல இருக்கிறவன் கையில காசு இருந்தா அது கூட்டாளிகளோட காசு" என்பார். அன்றைக்கு முணுமுணுத்தோம். அந்தப் பணத்தில்தான் என் வீட்டின் கூரை நிற்கிறது.

டேராடூன் இந்திய ராணுவ அகாதமியில், 1932இல் அதைத் திறந்துவைத்த ஃபீல்டு மார்ஷல் செட்வோட் பேசிய வரிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் முதலில், நீ நடத்தும் வீரர்களின் மானமும் நலனும் வசதியும் அடுத்து, உன் சொந்த வசதி எப்போதும் கடைசியில் என்பது அதன் சாரம். அதிகாரிகள் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். எங்கள் உஸ்தாத் டேராடூனைப் பார்த்ததில்லை. ஆனால் லங்கரில் நாற்பதாவது பையன் தட்டில் சோறு விழுந்த பிறகுதான் அவர் தட்டை எடுப்பார். சில நாள் குழம்பு இருக்காது. ரசத்தோடு முடித்துக்கொள்வார்.

1999 கோடையில் கார்கில் சண்டை வந்தது. பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடை நாங்கள் நெருங்கிக்கொண்டிருந்தோம். உஸ்தாத் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கால் பார்ப்பது மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆனது. ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை, தெரிந்தே இருந்தது.

இனி சியாச்சின்.

2006இல் எங்கள் பட்டாலியன் அங்கே போனது. நான் அப்போது நாயக், ஹவில்தாருக்கு ஒரு படி கீழே, ஒரு செக்‌ஷனுக்குப் பொறுப்பு. 2003 நவம்பர் சண்டை நிறுத்தத்துக்குப் பிறகு அங்கே பீரங்கிச் சத்தம் இல்லை. ஆனால் அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, குண்டைவிட அதிகமான பேரை அங்கே கொன்றது பனியும் உயரமும்தான். மேலே போகும் முன் உடம்பைப் பழக்க மூன்று கட்டம் உண்டு. 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நாலு நாள், 15,000 அடியைத் தாண்டினால் இன்னொரு நாலு நாள். பேஸ் கேம்ப்பில் பனியில் நடக்கவும் ஏறவும் கற்றுக்கொடுப்பார்கள். கிளம்பும் முன், பனியாற்றைக் காப்பதாகச் சிப்பாய்கள் நம்பும் ஓ.பி. பாபாவின் கோயிலுக்குப் போய், இன்ன செக்‌ஷன், இத்தனை பேர் மேலே போகிறோம் என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டுத்தான் போவோம். இறங்கிவந்தும் ரிப்போர்ட் கொடுக்கவேண்டும். ஒருவரோடு ஒருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு ராத்திரியில் நடப்போம், பனி இறுகியிருக்கும் நேரம் அதுதான். வெயில் ஏறினால் பிளவுகளை மூடியிருக்கும் பனி இளகிவிடும்.

எங்கள் பிளட்டூன் சாப், கர்நாடகத்துச் சுபேதார். என் வாழ்க்கையின் இரண்டாவது உஸ்தாத் அவர். பனியாற்றின் நடுவில் குமார் என்ற பெயரில் ஒரு முகாம் இருக்கிறது. அங்கே தங்கிய இரவு, அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டார். எங்களில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்தது. கர்னல் நரேந்திர குமார் 1978இலும் 1981இலும் இந்தப் பனியாற்றுக்குக் குழுவோடு வந்து, பார்த்ததைப் படமும் வரைபடமுமாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர். சியாச்சினை நம் ராணுவம் பிடிக்க 1984 ஏப்ரல் 13இல் தொடங்கிய ஆபரேஷன் மேகதூத்துக்கு அது பெரிய துணையாக இருந்தது. அவருக்கு நாலு கால்விரல்கள் கிடையாது, 1961இல் நீல்கண்ட் சிகரம் ஏறியபோது பனிக்கடியால் உறைந்து போய்விட்டன. அதற்குப் பிறகுதான் 1965 எவரெஸ்ட் குழுவில் துணைத்தலைவர், அதற்கும் பிறகு சியாச்சின்.

இதைச் சொல்லிவிட்டுச் சாப் எங்கள் பூட்ஸைப் பார்த்தார். "அவர் பெரிய மனுஷர், நாலு விரல் இல்லாம நடந்தார். நீங்க பத்து விரலோட இறங்கணும். எனக்கு அது போதும்."

எனக்கு வெலிங்டன் பேரக் ஞாபகம் வந்தது. அங்கே கற்றது எல்லாம் இங்கே உயிர் விஷயமாக மாறியது. வேகமாக நடந்தால் வியர்க்கும், வியர்த்தால் சாக்ஸ் நனையும், நின்ற நிமிஷமே அது பனிக்கட்டி. அதனால் வியர்க்காத வேகத்தில் நட. ஈரச் சாக்ஸைக் கழற்றித் தூக்கப் பைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு தூங்கு. விரல் மரத்துப்போனால் பனியால் தேய்க்காதே, புகாரி அடுப்புக்கு நேராக நீட்டாதே. உணர்வில்லாத கால் வேகும்போதும் தெரியாது. கூட்டாளியின் அக்குளில், வயிற்றில் வைத்துச் சூடேற்று, உடனே சொல்லு. நானே மூன்று முறை என் பையன்களின் காலை என் சட்டைக்குள் வைத்திருக்கிறேன். ஒருவனும் இழுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஒரு தவறு செய்துகொண்டிருந்தேன். ராத்திரி புகாரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, "எல்லாரும் சரியா இருக்கீங்களா?" என்று மொத்தமாகக் கேட்பேன். "டீக் ஹை" என்று மொத்தமாகப் பதில் வரும். சாப் இரண்டு நாள் இதைக் கவனித்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். காற்று அறைந்துகொண்டிருந்தது. என் காதருகே வாயை வைத்துச் சொன்னார்: "எப்படி இருக்கேன்னு கேட்டா சிப்பாய் டீக் ஹைன்னுதான் சொல்வான். சாகிறப்போவும் அதையே சொல்வான். ஒவ்வொருத்தனையும் தனியாக் கேளு. என்ன சாப்பிட்டே, எவ்வளவு நேரம் தூங்கினே, ராத்திரி எத்தனை தடவை எழுந்தேன்னு கேளு. அதுக்கு அவன் பொய் யோசிக்கணும். யோசிக்கிறப்போ முகத்துல தெரிஞ்சிடும்."

ஒரு வாரம் போயிருக்கும். காக்கிநாடா பக்கத்துப் பையன் ஒருவன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதும் யோசித்தான். அரை டம்ளர் சூப். தூக்கம்? மறுபடி யோசித்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்கினேன் என்றான். இரண்டு நாளாக வறட்டு இருமல் இருந்திருக்கிறது, தூக்கப் பைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு இருமியிருக்கிறான். நாங்கள் அதை ஹேப்போ என்போம், உயரத்தில் நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்வது. சில மணி நேரத்தில் ஆள் போய்விடும். அதற்கு உண்மையான மருந்து கீழே இறக்குவது ஒன்றுதான். ராத்திரி முழுக்க ஆக்சிஜன், காற்றழுத்தப் பைக்குள் படுக்கவைத்து மாறி மாறிப் பம்ப் அடித்தோம். பொழுது விடிந்து காற்று அடங்கியதும் சீட்டா ஹெலிகாப்டர் வந்து தூக்கிப்போனது. பிழைத்துக்கொண்டான். இப்போது இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. தசரா அன்று எனக்கு ஃபோன் செய்வான். சாப்புக்குச் செய்யவேண்டிய ஃபோன் அது என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். அவருக்கும் செய்துவிட்டேன் என்பான்.

எல்லாப் பயிற்சியாளரும் இப்படி இருந்தார்கள் என்று எழுதினால் அது உண்மையில்லை. எங்கோ ஒரு கோர்ஸில், ஒருவர் வாயைத் திறந்தால் எங்கள் நிறத்தையும் எங்கள் ஹிந்தியையும்தான் பேசுவார். ரகடா, அதாவது தண்டனைப் பயிற்சி, படையில் சகஜம். அதை யாரும் மனசில் வைத்துக்கொள்வதில்லை. அவமானம் வேறு. அவர் சொல்லித்தந்த பாடம் ஒன்றும் இன்று ஞாபகம் இல்லை, அவர் குரல் மட்டும் இருக்கிறது. சொல்லித்தருகிறவர் தன்னை அறியாமலே எதை விட்டுப்போகிறார் என்பதற்காக மட்டும் இதை எழுதினேன்.

நானும் அதைச் செய்தேன். என்னை அதிகம் வலிக்கவைத்த விஷயம் இது.

2014 முதல் மூன்று வருஷம் நானும் உஸ்தாதாக இருந்தேன். ஒரு ரெக்ரூட் தொடர்ந்து மூன்று நாள் ஓட்டத்தில் கடைசியாக வந்தான். பிளட்டூன் முழுக்க நிற்கும்போது, "பேசாம வீட்டுக்குப் போ, அம்மா சோறு ஊட்டுவாங்க" என்றேன். மறுநாளிலிருந்து அவன் நடுவில் ஓடினான். என் வார்த்தை வேலை செய்தது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். பன்னிரண்டாவது நாள் ஓடும்போதே விழுந்தான். முன்காலெலும்பில் விரிசல். புதிதாகச் சேர்கிற பையன்களுக்கு ஓட்டச் சுமை திடீரென்று கூடினால் வருகிற முறிவு அது. முதலில் லேசான வலியாகத்தான் இருக்கும். அப்போதே ஓய்வு கொடுத்தால் சில வாரத்தில் ஆறிவிடும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். நான் தினமும் அவன் பாதத்தைப் பார்த்தேன். கொப்புளம் இல்லை, அதனால் தாண்டிப் போனேன். முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்கமாட்டான். சொல்லும் வழியை நான்தான் அடைத்துவிட்டேனே.

அன்று ராத்திரி பாலக்காட்டுக்கு ஃபோன் போட்டேன். உஸ்தாத் சுபேதாராக ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. முழுசாகக் கேட்டுவிட்டு, "எல்லார் முன்னாடியும்தானே சொன்னே? எல்லார் முன்னாடியும் போய் உன் தப்புன்னு சொல்லு. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ரோல் காலில் சொன்னேன். பேரக்கில் ஒரு சத்தம் இல்லை. அந்த வாரமே நாலு பையன்கள் தாங்களாக வந்து வலி இருக்கிறது என்று காட்டினார்கள். அதில் ஒருவனுக்கு இதே விரிசலின் ஆரம்பம். முதலில் விழுந்த பையன் ஒரு பேட்ச் தள்ளிப் போய் முடித்தான், இப்போது நாயக்.

2016 பிப்ரவரி 3 பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் சோனம் போஸ்ட், அங்கே பனிச்சரிவில் எங்கள் ரெஜிமெண்டின் 19வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார். அந்த வாரம் எங்கள் பேரக்கில் யாரும் வழக்கம்போலப் பேசவில்லை. சிலவற்றுக்கு எந்த உஸ்தாதும் பயிற்சி கொடுக்க முடியாது. மலையே சரிந்து வந்தால் வந்ததுதான். 11ஆம் தேதி உஸ்தாதுக்கு ஃபோன் செய்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அவர் கேட்டார்: "பசங்க காலு பார்த்தியா?" இன்னும் இல்லை என்றேன். "போய்ப் பாரு" என்று வைத்துவிட்டார்.

இளம் சிப்பாய்கள், இப்போது அக்னிவீரர்கள், என்னிடம் அடிக்கடி கேட்பது: "அண்ணே, எங்களுக்கு அப்படி ஒருத்தர் கிடைக்கலியே?" நான்தான் உன் வழிகாட்டி என்று யாரும் கையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். கம்பெனியில் யார் கடைசியில் சாப்பிடுகிறார் என்று பாருங்கள். லீவ் பிரச்சினை, வீட்டுப் பிரச்சினை என்றால் பையன்கள் யாரிடம் போய் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அவரிடம் போய் "எனக்கு அறிவுரை சொல்லுங்க" என்று நிற்காதீர்கள், அது அவருக்கும் கூச்சம். குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள். மேப் ரீடிங்கில் பேரிங், அதாவது திசைக்கோணம், எடுப்பது குழப்புகிறது என்று கேளுங்கள், காட்டுவார். முக்கியமாக, அவர் சொன்னதைச் செய்துவிட்டு என்ன ஆனது என்று திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். சரியாக வரவில்லை என்றாலும் சொல்லுங்கள். கேட்டுவிட்டுப் போனவர்கள் ஆயிரம் பேர், திரும்பி வந்து சொன்னவர்கள் பத்துப் பேர் என்பார் உஸ்தாத். அந்தப் பத்துப் பேருக்குத்தான் அவர் அடுத்ததைச் சொல்லிக்கொடுத்தார்.

ஹவில்தார், நாயக் ஆனவர்களுக்கு: ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பையன் பெயர், அம்மா அப்பா பெயர், வீட்டில் என்ன நிலைமை, எந்தக் காலில் பழைய அடி. நான் இன்னும் பதினொரு நோட்டு வைத்திருக்கிறேன்.

உறவு டிஸ்சார்ஜோடு முடிவதுமில்லை. நான் வெளியே வர ஒரு வருஷம் இருக்கும்போது அவரே ஃபோன் செய்தார். "பார்ட் டூ ஆர்டர்ல மனைவி பேரும் பிள்ளைகளோட பிறந்த தேதியும் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கா? ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்பவே திருத்து, வெளிய போனப்புறம் அலைவே" என்றார். பார்ட் டூ ஆர்டர் என்றால் சிப்பாயின் குடும்ப விவரம் பதிவாகும் ராணுவ ஆவணம். பார்த்தால் என் மனைவி பெயரில் ஓர் எழுத்து மாறித்தான் இருந்தது. உள்ளே இருக்கும்போதே திருத்திவிட்டேன். மருத்துவத்துக்கு இ.சி.எச்.எஸ். விண்ணப்பம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு, ஜாயின்ட் அக்கவுண்ட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு முடிக்கவைத்தார். ஓய்வு பெறப்போகிற தம்பிகள் இந்த எழுத்து விஷயத்தை மட்டுமாவது இன்றைக்கே பாருங்கள்.

போன வருஷம் பாலக்காடு போனேன். அவருக்கு எழுபதை ஒட்டிய வயது, பத்து வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை. அவர் மனைவி, எங்களுக்குச் சேச்சி, என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, கொஞ்ச நாளாக ஒரு மாதிரி நடக்கிறார், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார் என்றார். திண்ணைக்கு வந்தேன். "கால் எப்படி இருக்கு, உஸ்தாத்?"

"டீக் ஹை" என்றார்.

தரையில் உட்கார்ந்து அவர் வலது காலைத் தூக்கி என் தொடைமேல் வைத்தேன். சட்டென்று இழுத்துக்கொண்டார். "எந்தாடா இது, விடு மோனே" என்றார். முகத்தில் கூச்சம்.

"இது உங்க கால் இல்ல உஸ்தாத். சர்க்கார் காலு. காட்டுங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் காலை நீட்டினார். சுண்டுவிரல் இடுக்கில் நாணயம் அளவுக்குப் புண். ஓரத்தை அழுத்தினேன், அவருக்குத் தெரியவில்லை. துடைத்துக் கட்டிவிட்டு, மறுநாள் காலை முதல் வேலையாக இ.சி.எச்.எஸ். கிளினிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். ஆழமாகப் போகவில்லை, சரியான நேரத்துக்கு வந்தீர்கள் என்றார். சீட்டு எழுதிக்கொண்டே என்னைக் காட்டி, "மகனா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உஸ்தாத் சொன்னார்: "என்ட ரெக்ரூட்டு."